மறுசோறு

மார்கழி 20. காலை 6.10

கருப்பட்டி, இன்றிலிருந்து இந்தப் பதிவை நான்தான் எழுத வேண்டுமாம். டாக்டர் ஹேமலதாவுக்குச் சிறுநீரகத்தில் கல். வலி தாங்காமல் நேற்று மீட்பு ஓடத்தில் ஏறிப் பூமிக்கு இறங்கிவிட்டார். நிலையத்தில் நான் ஒருத்திதான். மாசியில் அடுத்த ஓடம் வரும். அதுவரை பைகளுக்குத் தீனி வைப்பது, துடைப்பது, பதிவு எழுதுவது எல்லாம் என் தலையில்.

யார் எடுத்துப் படித்தாலும் புரிகிற மாதிரி எழுதச் சொன்னார்கள். நான் அஞ்சாம் வகுப்பு வரைதான் படித்தேன். முகம் தெரியாதவர்களுக்கு எழுத வரவில்லை. உனக்கு என்றால் வருகிறது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் குருவம்மாள். விளாத்திகுளம் பக்கம். தீப்பெட்டி ஆபீஸில் குச்சிக்கு மருந்து முக்கின கை இது. இப்போது பூமியைச் சுற்றுகிற இந்த நிலையத்தில் துப்புரவு வேலை. இங்கே பன்னிரண்டு பைகள் இருக்கின்றன. பைக்கு ஒரு நோயாளி. அவர்கள் உடம்பில் இருந்து எடுத்த புற்றுநோய்ச் செல்களை உயிரோடு வளர்க்கிறார்கள். ஏழாம் பையில் இருப்பது என் மகள் மாரிச்செல்வியுடையது. அவளைத்தான் நான் கருப்பட்டி என்று கூப்பிடுவேன். அவள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. போகிறதற்கு முன்னால் அவளே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். நான் அவள் தாய் என்று தெரிந்துதான் டாக்டர் என்னை வேலைக்கு எடுத்தார்.

வெப்பம் சரி. காற்று சரி. எல்லாப் பைக்கும் தீனி, அதாவது சீனி கலந்த தண்ணீர், வைத்தாயிற்று.


மார்கழி 22. காலை 7.00

டாக்டர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தே பேசினார். இங்கே நடக்கிற ஆராய்ச்சியை என் வார்த்தையில் எழுதி வைக்கச் சொன்னார். எழுதுகிறேன்.

இங்கே எதற்கும் எடை இல்லை. அதனால் செல்கள் பையின் அடியில் படியாமல், உடம்புக்குள் வளர்கிற மாதிரி உருண்டு திரண்டு வளர்கின்றன. கடுகளவு உருண்டைகள். திரையில் பெரிசாக்கினால் ஒவ்வொரு செல்லுக்கு மேலேயும் குச்சி குச்சியாக நீட்டிக்கொண்டிருப்பது தெரியும். குச்சி புரதம். அதன் தலையில் சீனி. டாக்டர் என்னென்னவோ பெயர் சொன்னார். எனக்குத் தீக்குச்சியும் அதன் மருந்துத் தலையும் மாதிரி என்று விளங்கியது. சொன்னதும் சிரித்துவிட்டு, அப்படியே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

ரத்தத்தில் காவல் செல்கள் சுற்றிக்கொண்டே இருக்கும். எதிரே வருகிற செல்லின் சீனித் தலையைத் தடவிப் பார்த்து, நம் ஆளா, ஆகாத ஆளா என்று கண்டுபிடிக்கும். புற்றுச் செல் இங்கேதான் ஏமாற்றுகிறது. தலையை இன்னொரு முக்கு முக்கிக்கொள்கிறது. அந்த இரண்டாம் முக்கு ஒரு மாதிரிப் புளிப்புச் சீனி. அதைத் தடவுகிற காவல் செல் நம் ஆள்தான் என்று விலகிப் போய்விடும். பூச்சு தடித்துவிட்டால் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதும் இல்லை. உருண்டையில் இருந்து கழன்று ரத்தத்தில் ஏறி வேறு இடத்தில் போய் இறங்கிவிடும். உனக்கு மார்பில் இருந்தது ஈரலுக்கும் எலும்புக்கும் போனது அப்படித்தான்.

அந்தப் புளிப்புச் சீனியை மட்டும் நறுக்கி எடுக்க ஒரு மருந்து கண்டுபிடித்திருக்கிறார்கள். கத்தரி மருந்து என்று நான் சொல்கிறேன். இரண்டு குப்பி குளிர்பெட்டியில் இருக்கிறது. டாக்டர் சொல்லாமல் தொடக் கூடாது.

வாரம் ஒரு முறை என் ரத்தத்தில் இருந்து காவல் செல்களைப் பிரித்து ஏழாம் பையின் மாதிரியில் விட வேண்டும். தாயின் காவல் மகளின் நோயை அடையாளம் பார்க்கிறதா என்று பார்க்கத்தான். இதுவரை பாதியைப் பார்த்தது, பாதியை விட்டது.


மார்கழி 26. மதியம் 12.40

தீனி வைத்தாயிற்று.

தூத்துக்குடிக்காரன் செல்வின்தான் கீழே இருந்து பேசுகிறவன். பேசவில்லை என்றால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். அவன் பேச்சையும் பதிவில் சேர்க்க வேண்டும்.

செல்வின்: “யக்கா, மேல என்ன சாப்பாடு?”

நான்: “பசை மாதிரி ஒண்ண குழாயில பிதுக்கித் திங்கேன். ஒனக்கென்ன?”

செல்வின்: “வாளமீன் கொழம்புக்கா. வாசம் அங்க வருதா?”

நான்: “வராம என்னலே. ஒம்பொண்டாட்டி கழுவாமப் போட்டது இங்கன வரைக்கும் நாறுது.”

செல்வின்: “இத அவகிட்ட சொன்னா நாளைக்கு எனக்கு அதுவும் கெடையாது. கட் பண்றேன்க்கா.”

அவன் போன பிறகு பைகளைப் பார்த்துக்கொண்டு மிதந்தேன். கருப்பட்டி, எனக்கு ஒன்று பொறுக்கவில்லை. இவர்கள் அளந்து ஒரே ஒரு தடவை ஊற்றச் சொல்கிறார்கள். நம் பக்கத்தில் ஒத்தக் கரண்டியோடு யாரையாவது எழுப்பிவிடுவோமா? பகையாளி வந்து உட்கார்ந்தாலும் மறுசோறு வைக்காமல் விடுவோமா? போதும் போதும் என்று இலையை மறைத்தாலும் விரலிடுக்கில் நாலு பருக்கை போட்டுத்தானே விடுவோம்.

நீ கடைசியாகச் சாப்பிட்டது ஒரு கரண்டிக் கஞ்சி. போதும்மா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாய். மறு கரண்டி கிண்ணத்திலேயே ஆறிப் போனது.

அதனால் இன்றைக்கு மறுசோறு வைத்தேன். மற்ற பைகளுக்குப் பேருக்கு ஒரு சொட்டு. உனக்கு மட்டும் ஒரு கை கூட. இனிமேல் தினமும் வைப்பேன். டாக்டரிடம் சொல்லவில்லை. இந்தப் பதிவு ஓடத்தோடுதான் கீழே போகும். அதற்கு முன் யாரும் படிக்க மாட்டார்கள்.


தை 1. இரவு 8.30

பொங்கல். அடுப்பு இல்லை, பால் இல்லை. திரையில் சூரியன் ஏறியது. கும்பிட்டேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி ஏறியது. எத்தனை தடவை கும்பிடுவது?

ஏழாம் பையின் உருண்டைகள் கடுகாக இருந்தது போய் மிளகாகி இருக்கின்றன. பளபளவென்று இருக்கின்றன. மற்ற பைகளில் மாற்றம் இல்லை.

இன்று காவல் சோதனை. என் ரத்தம் எடுத்து, பிரித்து, விட்டேன். திரையில் பார்த்தேன். என் காவல் செல்கள் உன் செல்களுக்குப் பக்கத்தில் போயின. தடவின. விலகிப் போயின. ஒன்றுகூட நிற்கவில்லை. படத்தைக் கீழே அனுப்பினேன்.

டாக்டர்: “குருவம்மா, தீனி அளவு ஏதாவது மாத்துனீங்களா? பூச்சு இவ்வளவு தடிமனா நான் பார்த்ததே இல்லையே.”

நான்: “நீங்க சொன்ன அளவுதான் மேடம்.”

டாக்டர்: “சரி. இன்னொண்ணும் யோசிக்கிறேன். புள்ள வயித்துல இருக்கும்போது அதோட செல்லு கொஞ்சம் தாயோட ரத்தத்துல கலந்துடும். பெத்து இருபது முப்பது வருஷம் ஆனாலும் சிலருக்கு உள்ளயே இருக்கும். உங்க உடம்புக்கு மாரிச்செல்வி பழகுன ஆளு. அதோட இந்தப் பூச்சும் சேர்ந்துக்கிட்டா உங்க காவலுக்குக் கண்ணே தெரியாது. கையுறை இல்லாம அந்தப் பைகிட்டயே போகாதீங்க. புரியுதா?”

புரிந்தது மேடம் என்றேன். எனக்குப் புரிந்தது வேறு. என் உடம்புக்குள் நீ ஏற்கெனவே இருக்கிறாய். இத்தனை நாள் எனக்கு யாரும் சொல்லவில்லை.

மாலையில் உனக்கு மூன்று கை வைத்தேன். பொங்கல் இல்லையா.


தை 6. காலை 9.15

ஏழாம் பை கலங்கிவிட்டது. உருண்டைகளைக் காணோம். தனித் தனியாகக் கழன்று, கழுநீர் மாதிரி மங்கலாக நிற்கிறது.

அதே நாள். காலை 11.50

பையின் மூட்டு வாய் கசிகிறது. தீனி கூடிப் பை உப்பியதால் இருக்கும். வெளியே வந்த நீர் சொட்டுச் சொட்டாக மிதந்தது. துணியால் பிடித்தேன். மூட்டுக்குப் பட்டை போட்டேன். அறைக் காற்றை மாற்றினேன்.

ஒரு சொட்டு மட்டும் தப்பி என் முகத்துக்கு நேரே வந்து நின்றது. முத்து மாதிரி. உள்ளே மங்கலாக ஏதோ சுழன்றது. நீதான்.

இரண்டு வருஷமாக உன்னைத் தொட்டதில்லை. கையுறையைக் கழற்றினேன். உள்ளங்கையை நீட்டினேன். வந்து உட்கார்ந்துகொண்டது. இங்கே குளிரில் எல்லாம் சில்லென்று இருக்கும். அது சூடாக இருந்தது. மூடிப் பிடித்துக்கொண்டேன்.

தீப்பெட்டி மருந்து தின்ற கை. வருஷம் முழுக்க விரல் வெடித்தே இருக்கும். அது உனக்குத் தெரியும். கையைத் திறந்தபோது சொட்டு இல்லை.

கீழே சொல்லவில்லை.


தை 15. மாலை 4.00

வெப்பம் சரி. காற்று சரி.

எனக்கு இனிப்பு ஆகாது. நீ கருப்பட்டி மிட்டாயைச் சட்டைக்குள் ஒளித்துவைத்துத் தின்பாய், நான் திட்டுவேன். இப்போது நான் குளுக்கோஸ் பைகளைத் திருடித் தின்கிறேன். தின்றால் உடனே அடுத்தது வேண்டும். வயிறு கேட்கவில்லை. வேறு எங்கேயோ இருந்து கேட்கிறது.

செல்வின்: “யக்கா, என்ன முகம் வத்திப் போச்சு? டயட்டா?”

நான்: “ஆமால, அழகிப் போட்டிக்குப் போறேன்.”

செல்வின்: “சிரிக்காதிய. கேமராவப் பாத்து நிமிருங்க. கண்ணு குழி விழுந்திருக்கு. சாப்புடுதியளா இல்லையா?”

நான்: “நல்லாத்தாம்லே திங்கேன். எங்க போவுதுன்னுதான் தெரியல.”

வலது அக்குளில் ஒரு கட்டி. புளியங்கொட்டை அளவு. தொட்டால் நகர்கிறது. உனக்கு முதலில் வந்ததும் இப்படித்தானே நகர்ந்தது. அம்மா, உள்ள கோலிக்குண்டு இருக்கு என்று சிரித்துக்கொண்டு வந்து காட்டினாய்.


தை 21. காலை 8.20

டாக்டர் புதுச் சோதனை சொன்னார். குளிர்பெட்டியில் அந்நிய ஆட்களின் காவல் செல்கள் இருக்கின்றன. உனக்கும் எனக்கும் சொந்தமே இல்லாதவர்கள். ஏழாம் பையின் மாதிரியில் அவற்றை விட்டுப் பார்க்க வேண்டும். அந்நியக் காவல் என்றால் பார்த்த உடனே பாய வேண்டும்.

பாயவில்லை. தடவின. விலகிப் போயின.

படத்தைக் கீழே அனுப்பினேன்.

டாக்டர்: “குருவம்மா. மறைக்காம சொல்லுங்க. அந்தப் பைக்கு என்ன குடுத்தீங்க?”

சொன்னேன். மறுசோறு வைத்ததைச் சொன்னேன்.

டாக்டர்: “தினமுமா?”

நான்: “தினமும். ஒத்தக் கரண்டியோட விட மனசு வரல மேடம்.”

டாக்டர்: “கூடக் குடுத்த சீனியெல்லாம் பூச்சாப் போயிருக்கு. ஒரு ஆளோட நோய் இன்னொரு ஆளுக்கு ஒட்டாதுன்னு எல்லாருக்கும் பாடம் நடத்துனவ நான். இது எந்த ஒடம்புல போனாலும் தங்கும். ஒரு சொட்டு கீழ வரக் கூடாது. குளிர்பெட்டியில கத்தரி மருந்து ரெண்டு குப்பி இருக்கு. ஒண்ண ஏழாம் பையில ஊத்துங்க. அப்புறம் உங்க காவலை விடுங்க. முடிச்சிடும்.”

நான்: “எதை மேடம் முடிச்சிரும்?”

டாக்டர்: “குருவம்மா...”

நான்: “அவ இதுலதான இருக்கா.”

டாக்டர்: “அவ இல்லம்மா. அவளக் கொன்னது இது. அவ சட்டைய மாட்டிக்கிட்டு நிக்குது.”


தை 21. மதியம் 2.00

ஊற்றினேன்.

நான் செய்யவில்லை என்றால் ஓடத்தில் வருகிறவர்கள் செய்வார்கள். அந்நியக் கை படுவதற்கு என் கையே இருக்கட்டும் என்றுதான்.

திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சீனித் தலைகள் உதிர்ந்தன. மொட்டைக் குச்சியாக நின்றாய். என் காவல் செல்களை விட்டேன். முதலில் ஒன்று நின்றது. பிறகு எல்லாம் திரும்பின. கருப்பட்டி, என் ரத்தம் உன்னைத் தின்றதைப் பார்த்தேன். ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.

இங்கே அழுதால் கண்ணீர் வழியாது. கண்ணிலேயே திரண்டு நிற்கும். துடைத்தால்தான் போகும். துடைக்கவில்லை.

டாக்டர்: “நல்ல காரியம் பண்ணீங்க. ஏழாம் பை காலி. இனிமே அது எங்கயும் இல்ல.”

கையை இறுக்கிக் கட்டிக்கொண்டு மிதந்தேன். அக்குளில் சூடாக இருந்தது.


தை 28. மணி 10 இருக்கும்

மற்ற பைகளுக்குத் தீனி. அளந்து, ஒத்தைத் தடவை.

கட்டி இப்போது எலுமிச்சை அளவு. கழுத்தில் ஒன்று முளைத்திருக்கிறது. துண்டைச் சுற்றி மறைத்துக்கொண்டு கேமராவில் நிற்கிறேன்.

சின்னக் குப்பியில் என் ரத்தம் எடுத்துத் திரையில் பார்த்தேன். தேட வேண்டிய வேலையே இல்லை. பளபளவென்று நீ போகிறாய். பக்கத்திலேயே என் காவல் போகிறது. ஒரே தெருவில் தண்ணிக்குப் போகிற இரண்டு பெண்பிள்ளைகள் மாதிரி இடித்துக்கொண்டு போகின்றன. ஒன்றும் செய்யவில்லை.

பயமாக இருக்கிறது. பயத்துக்கு உள்ளே சந்தோஷமும் இருக்கிறது. அதுதான் ரொம்பப் பயமாக இருக்கிறது.

சாப்பாட்டு அலமாரியில் இனிப்பு தீரப் போகிறது. பசிக்கிறது. இது உன் பசியா என் பசியா என்று தெரியவில்லை.


மாசி 2. ஓடம் வருகிற நாள். காலை

செல்வின்: “யக்கா, ஓடம் இன்னும் கொஞ்ச நேரத்துல ஒட்டிரும். கல்லெல்லாம் எடுத்துட்டு டாக்டரம்மாவே வாராங்க. கூட ரெண்டு பேரு. கதவத் தெறந்து வைங்க.”

நான்: “செல்வினு, அவங்களத் திரும்பிப் போகச் சொல்லு.”

செல்வின்: “என்னக்கா வெளையாடுதிய?”

துண்டை அவிழ்த்துக் கேமராவில் காட்டினேன்.

செல்வின்: “எப்பக்கா...”

நான்: “தை ஆறு. கையுறையக் கழட்டிட்டேன்.”

செல்வின்: “யாருட்டயும் சொல்லாம... ஏன்க்கா? நாந்தான் தெனம் ஒங்ககிட்ட பேசிக்கிட்டே இருந்தேன்லா.”

நான்: “ஒம்பொண்டாட்டி மீன் கொழம்பு நல்லாத்தாம்லே இருக்கும். சும்மா சொன்னேன். அவகிட்ட சொல்லிரு.”

அவன் அழுதான். ஆம்பிளை அழுகை, மூக்கை உறிஞ்சி உறிஞ்சி.

கதவின் உள்தாழ்ப்பாளைப் போட்டு இரும்புக் கம்பியால் வரிந்து கட்டினேன். இந்தக் காற்று அவர்கள் மூக்கில் படக் கூடாது. அந்நியக் காவலுக்கும் கண் தெரியாது என்று நானே பார்த்தேன். பந்தி என்னோடு முடியட்டும். வெளியே பந்தி வைக்க நான் விட மாட்டேன், கருப்பட்டி. அவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள்.

இதைப் படிக்கிறவர்களே, இந்தப் பதிவு கையில் கிடைத்ததென்றால் நீங்கள் உள்ளே வந்துவிட்டீர்கள். கையுறை போட்டிருக்கிறீர்களா? எதையும் தொடாதீர்கள். என்னைத் தொடாதீர்கள். அழகாக மிதந்து வருகிற சொட்டுக்குக் கை நீட்டாதீர்கள்.


மாசி 2. இல்லை, 3

ஓடம் ஒட்டிவிட்டது. தட்டுகிறார்கள். இரும்பு வழியாகக் கேட்கிறது. டாக்டர் ஓடத்தில் இருந்தே பேசுகிறார்.

டாக்டர்: “குருவம்மா, கேளுங்க. இன்னொரு குப்பி இருக்கு. அதை ஊசியில ஏத்தி நரம்புல போடுங்க. ஒங்க காவல் ரத்தத்துல இருக்கிறதப் பாத்துடும். கட்டியெல்லாம் கரையும். நீங்க பொழைச்சுக்கலாம். அப்புறம் கதவத் திறங்க. தயவு செஞ்சு.”

ஊசியில் ஏற்றிவிட்டேன். கையில் வைத்திருக்கிறேன்.

டாக்டர்: “போட்டாச்சா? குருவம்மா? பதில் சொல்லுங்க.”

போட்டால் மறுபடி அதே. மொட்டைக் குச்சி. என் ரத்தம் உன்னைத் தின்னும். போன தடவை திரையில் பார்த்தேன். இந்தத் தடவை உள்ளேயே நடக்கும். இரண்டு தடவை ஒரு தாய்

விரல் வீங்கிவிட்டது. எழுத்து கோணலாக வருகிறது. மூச்சு பாதிதான்.

இடது கையில் கடைசி குளுக்கோஸ் பை. வலது கையில் ஊசி. பசி. எனக்குள் யாரோ இலை போட்டு உட்கார்ந்துகொண்டு

டாக்டர் சொன்னது சரியாகக்கூட இருக்கும். சட்டைதான் உன்னுடையது. உள்ளே யாரோ. ஆனால் சட்டையில் உன் வாசம் வருகிறதே, நான் என்ன செய்வேன்.

ஊசியை விட்டுவிட்டேன். மிதந்து போகிறது. மூலைக்குப் போய்விட்டது. எட்டாது.

தட்டுவது நின்றுவிட்டது. ஓடம் கழன்று போகிற சத்தம். நல்லது. நல்ல பிள்ளைகள்.

பையைப் பிரித்துவிட்டேன். பாதி குடித்தேன். உள்ளே சூடு ஏறுகிறது. நீ அசைகிறாய். போதும்மா என்று நீ சொல்லவில்லை. இந்தத் தடவை சொல்லவே இல்லை

கருப்பட்டி, வயிறு நிறைந்ததாடி? இன்னொரு கரண்டி வைக்கட்டுமா?